அவசரமாகக் குப்பை தேவை

உலகத்தில் குப்பை போடுகிறவர்கள், குப்பை எடுக்கிறவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள்தான் உண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவதாக ஓர் இனத்தை அநியாயமாக மறந்துவிட்டீர்கள். குப்பைத் தொட்டியைத் திறந்து வைக்கிறவர்கள். இவர்கள் தொட்டியில் குப்பை போட்டதையும் யாரும் பார்த்ததில்லை, எடுத்ததையும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு புதுத் தொட்டி வந்து இறங்கிவிட்டால் போதும், அதற்கு ரிப்பன் கட்டி, தாம்பாளத்தில் கத்தரிக்கோல் வைத்து, குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றி, மைக்கைப் பிடித்து, 'இன்று ஒரு பொன்னாள்' என்று ஆரம்பித்து, தொட்டி துருப்பிடிக்கும்வரை பேசிவிட்டுத்தான் இறங்குவார்கள். அடுக்குமாடிச் சங்கங்களில் உண்டு, அலுவலகங்களில் உண்டு, கோயில் கமிட்டியிலும் உண்டு, சர்ச் பங்குப் பேரவையிலும் உண்டு. இருந்தாலும் பல்கலைக்கழகத்தில் விளைகிற ரகம்தான் முதல் தரம். காரணம் கேட்கிறீர்களா? அங்கேதான் பேசுவதே வேலை.

நம்முடைய பேராசிரியர் ஸ்டானிஸ்லாஸையே எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூரைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளும் நெருக்கிக்கொண்டிருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். ராயபுரத்துக்காரர். ஐம்பத்து நான்கு வயது. 'பசுமை வளாகக் குழு ஒருங்கிணைப்பாளர்' என்று அறைக் கதவில் ஒரு பலகை, மேசையில் ஒரு பலகை, காரின் முன்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். காலையில் அவர் வீட்டுத் தெருவுக்குள் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது மட்டும் மனிதர் குளியலறையில் இருப்பார். மனைவி ஃப்ளோரன்ஸ் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போய், கொடுத்துவிட்டு ஏறி வந்த பிறகுதான் உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கும்.

"உங்கள மாநாட்டுக்குக் கூப்பிடறவங்க ஒரு நாள் இங்க வந்து பாக்கணும்" என்பார் ஃப்ளோரன்ஸ். அது ஸ்டானிஸ்லாஸ் காதில் விழாது. தலை துவட்டிக்கொண்டிருப்பார்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? கையைப் பாருங்கள். டீ குடித்து முடித்ததும் ஸ்டானிஸ்லாஸின் வலது கை, பேச்சு நிற்காமலேயே, பக்கவாட்டில் தானாக நீளும். விரல் நுனியில் காகிதக் கோப்பை. அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. யாராவது நிற்பார்கள். யாராவது வாங்கிக்கொள்வார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இப்படித்தான் கோப்பை கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, எங்கே போகிறது என்று ஒரு நாளும் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. பெரும்பாலும் அந்த 'யாராவது', கோவிந்தம்மா.

கோவிந்தம்மா வளாகத்தின் துப்புரவுப் பணியாளர். எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் பிடித்துக் காலை ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவார். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வளாகத்துக் குப்பையை எல்லாம் கொட்டி, மக்குவது ஒரு குவியல், காகிதம் ஒரு குவியல், பாட்டில் ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம் என்று பிரித்து, மக்குவதைக் குழியில் போட்டு மண் தள்ளி, உரமாக்கி, நூலக வாசலில் இருக்கிற செம்பருத்திக்குப் போடுவார். எட்டு வருடமாக இதுதான் நடந்துவந்தது. அவரை யாரும் ஒருங்கிணைப்பாளராக நியமிக்கவில்லை, அதனால் வேலை ஒழுங்காக நடந்தது.

ஸ்டானிஸ்லாஸுக்கோ தொட்டிகள். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று மூன்றாக நாற்பது செட். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்து வைத்துவிட அவர் என்ன விவரம் தெரியாதவரா? நூலகத்துக்கு ஒரு விழா, விடுதிக்கு ஒரு விழா, நிர்வாகக் கட்டடத்தில் மாடிக்கு ஒரு விழா, ஆகப் பதினேழு விழா. ஒவ்வொன்றுக்கும் ஃப்ளெக்ஸ் பேனர், தண்ணீர் பாட்டில், தெர்மகோலில் செதுக்கிய பூமி உருண்டை. முடிந்ததும் மூன்று மூட்டைக் குப்பை சேரும், கோவிந்தம்மா அள்ளிக்கொண்டு போவார். பக்கத்திலேயே தொட்டி இருக்கிறதே, அதில் போடலாமே என்கிறீர்களா? நன்றாயிருக்கிறது போங்கள். தொட்டிகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையையே இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் உப்புக்காற்றில் நிறம் போய்விடும் என்று கண்டிப்பான உத்தரவு. மூடி மேல் அறிவிப்பும் ஒட்டியிருந்தது: 'ஆய்வுக் குழு வரும்வரை இதில் குப்பை போடாதீர்.'

ஆமாம், ஆய்வுக் குழு. பசுமை வளாகச் சான்றிதழ் தருவதற்காக மூன்று பேர் வரப்போகிறார்கள். சான்றிதழ் வந்தால் 'பசுமை இயக்குநர்' என்று புதிதாக ஒரு பதவியை உண்டாக்கி ஸ்டானிஸ்லாஸுக்கே தருவதாகத் துணைவேந்தர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். தனி அறை, ஏ.சி., வெளியே ஸ்டூலில் ஓர் ஆள். கடைசிவரை ஒருங்கிணைத்தே ஓய்வு பெற்றுவிடுவோமோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த மனிதருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வயிறு குளிர்ந்துவிட்டது. மறுவாரமே பித்தளையில் பெயர்ப்பலகை செய்து வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டார். வகுப்பு இல்லாத நேரத்தில் எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைப்பார்.

அறையை எங்கே கட்டுவது? கேன்டீனுக்குப் பின்னால் அருமையான இடம், ஜன்னலைத் திறந்தால் கடல். ஒரு தகரக் கொட்டகைதான் இடைஞ்சல். அதைப் பிரித்துப் போட்டார்கள்.

"சார், இத்தப் பிரிச்சிட்டா நான் எங்க சார் குந்திகினு வேல பாக்கறது?" என்று கேட்டார் கோவிந்தம்மா.

"எங்கயாவது பாத்துக்க கோவிந்தம்மா. குழு வருது. அவங்க கண்ணுல இந்தக் கலீஜெல்லாம் படக்கூடாது. அவங்க குப்பை மேலாண்மையப் பாக்க வர்றாங்க, குப்பையப் பாக்க இல்ல."

"குப்பையே இல்லாம இன்னாத்த சார் பாப்பாங்க?"

நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு ஸ்டானிஸ்லாஸ் கையை நீட்டினார், கோவிந்தம்மா வாங்கிக்கொண்டார். கொட்டகை இருந்த இடத்தில் புது அறை எழும்பியது; அவரோ அன்றிலிருந்து இரண்டு மாதமாகப் பின்வாசலுக்கு வெளியே, மதில் ஓரம், ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துவந்தார்.

குழு வருவதற்கு முதல் நாள் ஸ்டானிஸ்லாஸ் எடுத்த முன்னேற்பாடுகளைச் சொன்னால் நீங்கள் அசந்துபோவீர்கள். வளாகத்துக் குப்பையை எல்லாம் வழித்து லாரியில் ஏற்றி அனுப்பினார். மாணவர்கள் வந்தால் சாப்பிடுவார்கள், சாப்பிட்டால் குப்பை போடுவார்கள் என்று மறுநாள் விடுமுறை விட்டார். கேன்டீன் நடத்துகிற தப்ரேஸைக் கூப்பிட்டு அடுப்பையே மூட்ட வேண்டாம் என்றார். மறுநாள் உதிரப்போகிற இலைகளை இன்றே உதிர்த்துவிட வேண்டும் என்று வேப்பமரங்களை ஆள் விட்டு உலுக்கினார். கோவிந்தம்மாவையும் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னார். காலையில் வளாகம் நாக்கால் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

குழுத் தலைவர் மகிழினி என்கிற அம்மையார். சின்ன உருவம், தோளில் துணிப்பை, எதையும் தட்டிப் பார்க்கிற கை. நூலக வாசலில் இருந்த பச்சைத் தொட்டியைத் தட்டினார். டொங் என்றது.

"காலியா இருக்கே."

"ஆமாம் மேடம்" என்றார் ஸ்டானிஸ்லாஸ் பூரித்துப்போய். "நாற்பது செட்டும் காலி."

"குப்பை எங்கே?"

"இல்லவே இல்ல மேடம். ஒரு சாக்லேட் கவர்கூட நீங்க கண்டுபிடிக்க முடியாது."

மகிழினி தொட்டியை இன்னொரு தடவை தட்டினார். "சார், நாங்க தொட்டிக்கு மார்க் போட வரல. குப்பைய எப்படிப் பிரிக்கிறீங்க, அது எங்க போகுதுன்னு பாக்க வந்தோம். சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வர்றோம். அப்பவும் குப்பை இல்லேன்னா சைபர்தான்."

ஸ்டானிஸ்லாஸுக்கு இழுப்பறையிலிருந்த பித்தளைப் பலகை கண்முன்னால் வந்து நின்று மெல்ல மங்கியது. வாழ்க்கையில் ஒரு நாளும் தேவைப்படாத பொருள் ஒன்று இரண்டரை மணி நேரத்துக்குள் தேவைப்பட்டது. தப்ரேஸுக்குப் போன் போட்டார்.

"பாய், குப்பை இருக்கா?"

"நேத்து நீங்கதானே சார் அல்லாத்தையும் லாரில ஏத்தச் சொன்னீங்க. வோணும்னா ரெண்டு தார் வாழப்பழம் கீது. யாராச்சும் துன்னாதான் தோல் வரும்."

உடனே துறைத் தலைவர்களின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பல்கலைக்கழக வரலாற்றில் அன்றுதான் ஒரு கூட்டத்தில் எல்லோரும் மும்முரமாக வேலை செய்தார்கள். பொருளாதாரத் துறைத் தலைவர் ஒன்பதாவது பழத்தில் மூச்சு வாங்கி நாற்காலியில் சாய்ந்தார். தமிழ்த் துறைத் தலைவருக்குச் சர்க்கரை, அதனால் உரித்துக் கொடுக்கிற வேலை மட்டும் ஒப்படைக்கப்பட்டது. இயற்பியல் பேராசிரியை ஒருவர் கடமையுணர்ச்சியோடு நான்கு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு எங்கேயும் நடக்க முடியாமல் தவித்தார். நூலகர் பழைய சுற்றறிக்கைகளைக் கிழித்தார், ரொம்ப நாள் ஆசை போலிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மேசை மேல் கண்ணுக்கு நிறைவாக ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. இனி பிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

பிஸ்கட் கவர் எந்தத் தொட்டி? பளபளப்பாக இருப்பதால் சிவப்பு என்றார் ஒருவர். உள்ளே தூள் ஒட்டியிருப்பதால் பச்சை என்றார் இன்னொருவர். துணைக்குழு ஒன்றை அமைத்து அதன் பரிந்துரையைப் பெறலாம் என்றார் மூன்றாமவர். எல்லோரும் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் சுவரில் இருந்த தன் பேனரைப் பார்த்தார். அதில் 'பிரிப்போம், பயன்பெறுவோம்' என்று மட்டும்தான் இருந்தது. மணி இரண்டே கால்.

அவர் பின்வாசல் பக்கம் ஓடினார். ஐயோ பாவம், ஓடி எத்தனை வருடம் ஆகியிருக்கும். தார்ப்பாய்க்கு அடியில், லீவில் இருக்க வேண்டிய கோவிந்தம்மா எட்டு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"கோவிந்தம்மா, பெரிய பேஜாராப் பூட்சிம்மா" என்றார் பேராசிரியர். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த ராயபுரம் அப்படியே வெளியே வந்துவிட்டது. "உங்கிட்ட குப்ப கீதா?"

"ஏன் இல்ல? லாரில போனது பாதிதான் சார். ஆஸ்டல் சரக்கு நல்லா கீதேன்னு நான் எட்த்தாந்துட்டேன். லீவுன்னு சொன்னா குப்ப கேக்குமா? நாறிப் பூடாது?" அவர் எழுந்திருக்கவில்லை. "ஆமா, எங்கொட்டாய இன்னா பண்ணப் போற சார்?"

"தரேன்மா. சத்தியமா."

"எங்க?"

"எங்கயாவது."

"இந்த எங்கயாவதுலதான் சார் ரெண்டு மாசமா வெய்யில்ல காஞ்சிகினு கீறேன்."

ஸ்டானிஸ்லாஸுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. கோவிந்தம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார். "வா சார், அந்த முனையப் புடி."

சரியாக மூன்று மணிக்குக் கேன்டீன் பின்புறம், குழுவும் துணைவேந்தரும் சுற்றி நிற்க, கோவிந்தம்மா மூட்டையை அவிழ்த்தார். வெங்காயச் சருகு இந்தப் பக்கம் பறந்தது, பால் கவர் அந்தப் பக்கம் பறந்தது, கண் சிமிட்டுவதற்குள் நான்கு குவியல். மகிழினி பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எது எத்தனை நாளில் மக்கும், முட்டை ஓட்டை ஏன் நொறுக்கிப் போட வேண்டும் என்று கேட்கக் கேட்கக் கோவிந்தம்மா கை நிற்காமல் சொன்னார். குழி உரத்தை அள்ளி மோந்து பார்த்த மகிழினியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம். இந்த ஏற்பாடெல்லாம் யாரோடது?"

பித்தளைப் பலகை மறுபடி பளிச்சிட்டது. "எல்லாம் நம்ம வழிகாட்டுதல்தான் மேடம்" என்றார் ஸ்டானிஸ்லாஸ். கோவிந்தம்மா அடுத்த மூட்டையை அவிழ்த்தார். தப்ரேஸ் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். ஸ்டானிஸ்லாஸ் டீயைக் குடித்தபடியே தொலைநோக்கைப் பற்றிச் சொன்னார், வருங்காலத் தலைமுறையைப் பற்றிச் சொன்னார், சொல்லிக்கொண்டே இருக்கும்போது அந்த வலது கை தானாக நீண்டது.

கோப்பையை யாரும் வாங்கவில்லை.

கோவிந்தம்மாவின் இரண்டு கையும் வெங்காயச் சருகில் இருந்தன. துணைவேந்தர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கோப்பை காற்றில் நின்றது. மகிழினி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே போடுங்க சார். மூணு தொட்டியும் பக்கத்துலதானே இருக்கு."

காகிதம்தானே என்று பச்சைப் பக்கம் போனார்.

"மக்காது சார். உள்ளார பிளாஸ்டிக் ஒட்டிகினு கீது" என்றார் கோவிந்தம்மா, தலை நிமிராமல். நீலத்துக்குப் போனார். "அடில டீ கீது சார். அப்டியே போட்டா பேப்பரு மொத்தமும் வீணாப் பூடும்." மிச்சம் இருந்தது சிவப்பு. "அது பேட்டரி, மாத்திரை போட்றது சார்."

வேதியியல் பேராசிரியர் அடியில் கிடந்த ஆறிப்போன டீயை ஒரே மடக்காகக் குடித்தார், குழாயடிக்கு ஓடிக் கோப்பையைக் கழுவினார், நீலத் தொட்டிக்கு வந்து மூடியை இழுத்தார். திறக்கவில்லை. பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழித்து, 'குப்பை போடாதீர்' அறிவிப்பைப் பிய்த்து எடுத்து, உள்ளே கோப்பையைப் போட்டுவிட்டு, கையில் மிஞ்சிய அறிவிப்பையும் உறையையும் வைத்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் எதில் போகும் என்று அவர் கோவிந்தம்மாவைப் பார்த்த பார்வையிலேயே வழிகாட்டுதல் யாருடையது என்பது குழுவுக்குத் தெரிந்துவிட்டது.

சான்றிதழ் வந்தது. பிரிப்புக்கு முழு மதிப்பெண், பக்கத்தில் கோவிந்தம்மாவின் பெயர். கூடவே ஒரு பரிந்துரை: கேன்டீனுக்குப் பின்னால் புதிதாகக் கட்டியிருக்கிற அறை, நல்ல தரையும் காற்றோட்டமுமாக, குப்பை பிரிக்கும் வேலைக்கு மிகவும் ஏற்றது. துணைவேந்தர் மறுநாளே சாவியைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். இயக்குநர் பதவியைப் பற்றி அறிக்கையிலும் ஒன்றுமில்லை, துணைவேந்தரின் ஞாபகத்திலும் ஒன்றுமில்லை. அறையைத் திறந்து வைத்தது யார் என்று கேட்காதீர்கள், ஸ்டானிஸ்லாஸ்தான். அது நாற்பது நிமிடப் பேச்சு. எல்லோரும் போன பிறகு பித்தளைப் பலகையைக் கொண்டுவந்து, "இது எதுல போவும் கோவிந்தம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இது குப்ப இல்ல சார்" என்று வாங்கி, ஆடிக்கொண்டிருந்த உரச் சல்லடைக்கு அடியில் முட்டுக்கொடுத்தார் கோவிந்தம்மா. ஆட்டம் நின்றுவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. இன்று காலை நீங்களும் எங்கோ நின்று ஒரு டீ குடித்திருப்பீர்கள். கோப்பையை எங்கே வைத்தீர்கள்? மதில் மேலா, மேசை ஓரமா, பஸ் ஸ்டாப் தூணுக்குப் பின்னாலா? 'யாராவது எடுத்துப் போட்டுக்குவாங்க' என்றுதானே வைத்தீர்கள். அந்த யாராவதுடைய பெயர் என்ன? தெரியாதென்றால் இனிமேல் ஜாக்கிரதையாக இருங்கள். உங்களிடம் ஒரு கத்தரிக்கோலை நீட்ட யாரோ தாம்பாளத்தோடு கிளம்பிவிட்டார்கள்.