கயிறு இழுத்தது நான்தான்

ஒரு தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்தவர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் நெய்வேலியில் இருந்தார். தீர்ப்பை எழுதிய நீதிபதியே நடுவில் சில பக்கங்களைத் தாண்டியிருப்பார் என்பது என் சந்தேகம்.

சுரங்கத்தில் மண்ணைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. மகனுடைய குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, தமிழில் சட்ட வலைப்பூ எழுதினார். மாணவர்களாகிய எங்களுக்கு அவர் பெல்ட் சார்.

இடைக்காலத் தடை என்றால், 'பெல்ட்டை நிறுத்தியிருக்கிறார்கள்; மேலே கிடக்கிற மண் யாருடையது என்று இன்னும் சொல்லவில்லை' என்று எழுதுவார். முன்ஜாமீன் என்றால், 'மழைக்கு முன்பே சுரங்கத்தில் பம்ப்பை இறக்கி வைப்பது.' வகுப்பில் அதைக் கேலி செய்த பேராசிரியர், மறுவாரம் அதே பம்ப்பை வைத்துத்தான் பாடம் நடத்தினார்.

ஒருமுறை காய்கறி வாங்க வடலூருக்குப் பஸ் ஏறியவர், செல்போனில் ஒரு தீர்ப்பைத் திறந்துவிட்டார். தலை நிமிர்ந்தபோது சேத்தியாத்தோப்பு. வெறும் பையோடு வீடு திரும்பியவரிடம் அவர் மனைவி அமைதியாகச் சொன்னாராம்: "அந்தத் தீர்ப்பையே கொழம்பு வெச்சித் தரேன், துன்னுகினு கெடங்க."

நான் முத்தாண்டிக்குப்பத்துப் பெண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அவர் பதிவு ஒன்றில் பிழை கண்டேன். அவர் விளக்கியிருந்த தீர்ப்பு, மேல்முறையீட்டில் ரத்தாகியிருந்தது. நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அரைமணி நேரம்தான். நானோ எல்லோரும் பார்க்கும்படி அதன் கீழேயே எழுதினேன்: 'சட்டம் படிக்காதவர்கள் சட்டம் எழுதினால் இப்படித்தான் ஆகும்.' தோழிகள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவருடைய பதிவுகள் அத்தனையும் காணவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம்.

பயந்துபோய் வீட்டைத் தேடிப் போனேன். ஒன்றுதானே தப்பு, மற்றவற்றை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பெல்ட்டு ஓரமா நீளத்துக்கும் ஒரு கயிறு போவும்மா. எதனா தப்பாப் பட்டா யாரு வேணா இழுக்கலாம், கான்ட்ராக்ட் ஆளு கூட. இழுத்தா பெல்ட்டு நின்னுடும். முழுசா நடந்து பாத்துட்டுதான் திருப்பி ஓட்டணும்."

நான் எழுதிய விதம் தப்பு சார் என்றேன்.

"கயிறு இழுத்த ஆள ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அங்க மொத ரூலே அதாம்மா."

கூட உட்கார்ந்து நானும் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தேர்வு இருந்தது. அதைவிட வெட்கம் இருந்தது. கண்ணில் புரை விழுந்த மனிதர் தனியாக ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் முடிந்தபின் மொத்தமாக ஏற்றுவதாக இருந்தாராம். ஏழாவது மாதம் இறந்துபோனார்.

பெல்ட் சாரின் வலைப்பூ எங்கே அக்கா என்று சட்ட மாணவர்கள் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். அதில் இருப்பது ஒரே ஒரு பதிவு. நான் பிழை கண்டதைத் திருத்தி, அதை மட்டும் முன்கூட்டியே ஏற்றியிருக்கிறார். கீழே, 'திருத்தியவர்: வழக்கறிஞர்' என்று போட்டு என் பெயர்.

அன்று நான் வெறும் மாணவி. அந்த ஒரு சொல்லில் இருக்கும் பிழையை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.