ஜெர்மன் படத்தின் மூணாம் ரீல்

எழுபதுகளில் தூத்துக்குடியில் உப்பைவிட மலிவாகக் கிடைத்த ஒரே சரக்கு, மூணாம் ரீல் அண்ணாச்சியின் பெருமூச்சு. துறைமுகத்துப் பக்கம் மாலுமிகளுக்காக ஒரு மன்றம் இருந்தது. அதில் படம் ஓட்டும் ஆபரேட்டர் அவர். பக்கத்துக் கட்டடத்தில், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்குச் சுவரைத் தாண்டி அந்தப் பெருமூச்சு கேட்கும்.

முடிவு தெரியாமல் எதையும் ஆரம்பிக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். ஓட்டலில் உட்கார்ந்ததும், "கடைசில மோரு உண்டுமா?" என்று கேட்டு, உண்டு என்றால்தான் இலை போடச் சொல்வார். புதுப்படம் வந்தால் முதலில் கடைசி ரீலைத் தனியாக ஓட்டிப் பார்ப்பார். அழுகை முடிவென்றால் அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டார்.

கப்பல்காரர்கள் பார்த்து அலுத்த படப்பெட்டியைக் கொடுத்துவிட்டு, மன்றத்திலிருந்து வேறு பெட்டி எடுத்துப் போவது வழக்கம். அப்படி ஒரு ஜெர்மன் கப்பல், மூன்று ரீலில் ஒரு பழைய காதல் படத்தைக் கொண்டுவந்தது. கருப்பு வெள்ளை, ஒரே சிரிப்பு என்றார்கள். அண்ணாச்சி வழக்கம்போல மூணாம் ரீலைக் கையில் எடுத்த நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதியது. அவசரத்தில் அதை அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய புராணப் படப்பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டார். அதற்குப் பதில் புராணப் படத்தின் மூணாம் ரீல் ஜெர்மன் பெட்டியில் தங்கிவிட்டது.

சிரிப்புப் படம்தானே என்று, முதல் தடவையாக முடிவைப் பார்க்காமலே ஞாயிறு சாயங்காலம் ஊர்க்காரர்களுக்காக அதை ஓட்டினார். தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் லோட்டே என்ற பெண். அவள் மேல் உயிரையே வைத்திருந்தும் வாயைத் திறக்காத தோட்டக்காரன் ஒருவன். நடுவில் பணக்கார மாப்பிள்ளை. ஜெர்மன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அண்ணாச்சி மைக்கில் தானே வசனம் சொன்னார். அவருக்கு ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது. இரண்டாம் ரீல் கடைசியில் லோட்டே கல்யாண உடுப்போடு மாதாகோயில் வாசலில் நிற்கிறாள். யாரோ கூப்பிட்டதுபோலச் சட்டென்று திரும்புகிறாள். அடுத்த ரீலில் எருமைமாட்டில் எமன் வந்தான்.

"அட பாவமே, கோயில் வாசல்லயே செத்துட்டாளே!" என்று ஒரு அம்மா ஒப்பாரியே வைத்துவிட்டார்.

மூணாம் வரிசையில் ஒருத்தி மட்டும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த மெற்றில்டா. வெளியே வரும்போது கேட்டாள்: "ஆபரேட்டர் சார், கடைசில அவ யாரத்தான் கெட்டுதா?"

"மூணாம் ரீலு வரட்டும். சொல்லுதேன்."

அன்றைக்குப் பிடித்தது சனியன். அவள் வந்த ஞாயிறுகளில் எல்லாம், ஊர் கேட்கிறதே என்று அந்த இரண்டு ரீலையும் ஓட்டினார். தோட்டக்காரனின் வசனமோ வாரத்துக்கு வாரம் நீண்டது. "ஏளா, ஒன்னயப் பாத்த நாள்லருந்து எனக்குக் கஞ்சி எறங்கல" என்று அந்த ஜெர்மன்காரன் உருகினான். படத்தில் அவன் வாய் மூடியிருக்கும். மைக்கில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். மெற்றில்டா திரையைப் பார்ப்பதை விட்டு, பின்னால் ஆபரேட்டர் ரூம் பக்கம் பார்க்க ஆரம்பித்தாள்.

"நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"முடிவு தெரியாமலா? அந்தத் தோட்டக்காரனுக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டுச் சொல்லுதேம்ல."

அதன்பின் எந்தக் கப்பல் வந்தாலும் ஜெட்டிப் பாலத்தில் அவர்தான் முதல் ஆள். பாஷை தெரியாத மாலுமிகளிடம் துண்டைத் தலையில் முக்காடு போட்டு, லோட்டே மாதிரித் திரும்பித் திரும்பிக் காட்டி ரீலைப் பற்றி விசாரிப்பார். கழுத்துச் சுளுக்கு என்று நினைத்து ஒரு கிரேக்கர் தைலம் கொடுத்தார். ரீல் மட்டும் வரவில்லை.

மெற்றில்டாவுக்கு ஆலந்தலையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சொல்லி, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்பார்கள். கோயில் மைக்செட்டும் அண்ணாச்சி பொறுப்புதான். முதல் ஓலையில் 'மெற்றில்டா' என்று வரும் இடத்தில் மைக் செத்தது. இரண்டாம் ஓலையிலும் சரியாக அதே இடத்தில் செத்தது. மூன்றாம் ஓலையில் சாமியார் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு ஜெட்டி வரை கேட்கும்படி வாசித்தார். கோயிலே அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். நானும் பாதி எழுந்துவிட்டேன்.

"சாமி, ஃபேன் சத்தம் போடுது, நிப்பாட்டட்டுமா?" என்றார்.

கல்யாணத்தன்று அவர் கோயில் வாசலில் மைக்செட்டுப் பக்கத்தில்தான் நின்றார். மெற்றில்டா படியேறி வாசல் வரை போய் நின்று, திரும்பிப் பார்த்தாள். அரை நிமிஷம் இருக்கும். அண்ணாச்சி கையில் மைக் இருந்தது. அவளுடைய அத்தை தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே நாலு அறை அறைந்திருப்பேன்.

எட்டு மாதம் கழித்து வேறொரு கப்பலில் அந்தப் புராணப் பெட்டி, கை மாறிக் கை மாறித் திரும்பி வந்தது. உள்ளே ஜெர்மன் படத்தின் மூணாம் ரீல். மத்தியானம் காலி ஹாலில் என்னை மட்டும் உட்காரவைத்து ஓட்டினார். கூப்பிட்டது தோட்டக்காரன்தான். தெருவில் நின்று "லோட்டே" என்றான். வேறு ஒரு வசனமும் இல்லை. அவள் படியிறங்கி ஓடிவந்துவிட்டாள்.

"பேரு மட்டும்தாம்ல கூப்பிட்டிருக்கான்" என்றார் அண்ணாச்சி. "நான் என்னல்லாம் பேச விட்டேன் அவன!"

இரண்டாம் ரீலை எடுத்து மாட்டி, கடைசியில் வரும் அந்த வாசல் காட்சியை மறுபடி ஓட்டினார். லோட்டே திரும்பும் நேரம் மைக்கைக் கையில் எடுத்து, "மெற்றில்டா" என்றார்.

அத்தனை வருஷம் ஆபரேட்டராக இருந்தவர், மைக் சுவிட்சைப் போட மறந்திருந்தார். அவள் உட்காரும் மூணாம் வரிசையில் இருந்த எனக்கு மட்டும் அது கேட்டது. சுவிட்ச் போடவில்லை என்று கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை.