சம்பந்தி தந்த ஆட்டுக்கடா குளித்த வரலாறு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஞானரட்ணம் அவர்களுக்கு,

பாரிஸ், ரூ லூயி-பிளாங்கிலிருந்து குலசேகரம் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். ஆர்ஜொந்தெயில் தங்கள் சுகமும் தங்கள் முழங்காலின் சுகமும் அறிய ஆவல்.

என் மகள் தர்மிளாவுக்கும் தங்கள் மகன் கிருஷாந்துக்கும் நிச்சயம் செய்த அன்று, தட்டத்தில் பழங்களுக்கு நடுவே தாங்கள் வைத்துத் தந்த படம் பற்றியதே இக்கடிதம். பழைய அமெரிக்கக் கார்ட்டூன் ஸ்டூடியோவில், கண்ணாடி போன்ற தாளில் கையால் தீட்டிய தொப்பி போட்ட ஆட்டுக்கடா. முப்பது வருடம் தங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. சனிக்கிழமை தாங்கள் வருகிறீர்களே என்று வீட்டைத் துப்புரவாக்கிய என் மனைவி தவமலர், சட்டத்தைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு ஆட்டைக் கழுவிவிட்டாள். நான் ஓடிப் போனபோது குசினித் தொட்டி நிறைய மண்ணிறத் தண்ணீர். "எண்பது வருசத்து ஊத்தையப்பா! பாருங்கோ, இப்ப எப்பிடி மினுங்குது!" என்றாள். மினுங்கியது உண்மைதான். ஆடுதான் இல்லை. தொப்பியும் ஒரு கொம்பும் மிச்சம். "இதாலை கலியாணம் நிண்டா நான் உங்கள் ரெண்டு பேரோடையும் கதைக்கமாட்டன்" என்று தர்மிளா அழுகிறாள்.

என்ன செய்வது? இங்கே ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்து நூலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் லோறன்ஸ் அம்மையார் கார்ட்டூன் வரலாற்றுப் புத்தகங்களை அடுக்கித் தந்தார். மன்னிப்புக்கு ஒரு காரணம் தேடிப் போனவன் மூன்று நாள் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. சம்பந்தி, தங்களுக்குத் தெரியுமோ, தியேட்டரில் பெரிய படத்துக்கு முன் ஓடிய ஏழு நிமிடக் கார்ட்டூனுக்கு ஆயிரக்கணக்கான தாள்களாம். ஆடு தூக்கும் முதல் காலையும் கடைசியில் வைக்கும் காலையும் பெரியவர் வரைவாராம், இடையில் உள்ள காலெல்லாம் உதவியாளர் தலையில். நிறம் பூசியது வரிசை வரிசையாக இருந்த பெண்கள், வெள்ளைக் கையுறையோடு. அவர்கள் பெயர் திரையில் வந்ததே இல்லையாம். நம்முடைய ஆட்டைப் பூசியவள் யார், எந்த ஊர், மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்றெல்லாம் கேட்டேன், அம்மையாருக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கைவேலை எங்கள் குசினித் தொட்டியால் போயிற்றே என்று நினைக்க நெஞ்சு கனத்துவிட்டது. ஆனால் முக்கியமான விடயம்: படம் பிடித்து முடிந்ததும் அந்த ஸ்டூடியோக்களே தாள்களைக் கழுவித் திரும்பப் பாவித்திருக்கின்றன! ஆகவே தவமலர் செய்தது பிழை அல்ல, தொழில்முறை. கோபம் இருந்தால் என்னைப் பேசுங்கள். பிள்ளைகளின் கலியாணத்தைக் குழப்பாதீர்கள்.

தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி நல்லூரான் துணையோடு வாழ வேண்டி,
தங்கள் அன்புச் சம்பந்தி,
குலசேகரம்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கிருஷாந்த் வந்திருக்கிறார். தொட்டியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். உண்மையான ஆட்டைப் பன்னிரண்டு வயதில் அவரே கழுவிவிட்டாராம். பயத்தில் பள்ளிக்கூட நிறங்களால் வேறொன்று வரைந்து சட்டத்தில் வைத்தாராம். தாங்கள் பதினாறு வருடமாகக் கும்பிடாத குறையாகப் பார்த்தது அதைத்தானாம். இதை அப்பாவிடம் சொல்வதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆகவே நான் சொல்லவில்லை. இப்போது எங்கள் மேசையில் மூன்றாவது ஆடு தயாராகிறது. கொம்புக்குத் தர்மிளா நிறம் பூசுகிறாள். சனிக்கிழமை வந்து பார்த்து, "அதே ஆடுதான்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.