விருந்தாளிக்கேற்ற வெளிச்சம்

வாசகரே, மனித இனத்தில் 'வெளிச்சம் அளப்பவர்' என்று ஒரு வகை உண்டு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பகலில் அடையாளம் தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

அந்த வகையில் ஒருவர்தான் நம்மவர். அவர் வீட்டுக் கூடத்தின் நடுவே பெரிய சரவிளக்கு. கிளைக்கொன்றாக மெழுகுவத்திச் சுடர் வடிவத்தில் எல்.இ.டி. பல்பு, அதுவும் சாதாரண பல்பு அல்ல, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தோதானது, அதற்கென்றே அவருடைய நாற்காலியை ஒட்டிய சுவரில், கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் ஒரு திருகுக் குமிழ். "குறைச்சு எரிச்சா கரண்டு மிச்சம், பூமிக்கும் நல்லது" என்பார். பூமியின் பேரைச் சொன்னபிறகு யார் எதிர்த்துப் பேசுவது?

ஆனால் பூமியின் மீதான அந்த அக்கறை ஆளுக்கு ஆள் மாறும். மேலதிகாரி வந்தால் கூடம் ஜவுளிக்கடை. சொந்தத் தம்பி வந்தால் பாதி. தம்பிக்கு வேலை போன பிறகு கால். குழாய் ரிப்பேர்காரர் வந்தால், பாவம், தன் பையையே அவர் தடவித்தான் எடுக்க வேண்டும். 'எல்லாரும் சமம்' என்று வாய் சொல்லும், விரல் திருகும். அந்த வாய்க்கும் விரலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

சமையலறையில் அவர் மனைவிக்கு ஒரே ஒரு அழுமூஞ்சி பல்பு. யாருக்கு என்ன கொடுப்பதென்று அந்த அம்மாளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்கடியில் தெரியும் வெளிச்சக் கோட்டைப் பார்ப்பார். பளீரென்றால் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ, கூடவே கேக். பாதி என்றால் எவர்சில்வர் டம்ளர். மங்கினால் வெறும் தண்ணீர்.

அந்தக் கூடத்துக்குத்தான் மகள், தான் கட்டிக்கொள்ள விரும்பிய பையனைக் கூட்டி வந்தாள். அப்பா சரி என்றால் ஊரறியக் கல்யாணம். இல்லையென்றால் அப்பா இல்லாத கல்யாணம். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு எங்க வேலை?"

"பெரிய ஆஸ்பத்திரியிலங்க."

குமிழ் வலப்பக்கம் திரும்பியது. சுடர்கள் பொங்கின.

"டாக்டரா?"

"நர்ஸுங்க."

குமிழ் இடப்பக்கம்.

"அடடா, சேவை! தொழில்ல என்ன தம்பி உசத்தி தாழ்த்தி? நான் அதெல்லாம் பாக்கிறவனே இல்லை." பாதி வெளிச்சம். "அப்பா என்ன பண்றாரு?"

"அதே ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிறாருங்க."

"சபாஷ்! உழைப்பாளிக் குடும்பம்!"

எவ்வளவு உசத்தியான பல்புக்கும் ஓர் எல்லை உண்டே. அதற்குக் கீழே இறக்கினால் வெட்டி வெட்டித் துடிக்கும். துடித்தது. பையனின் சட்டைப் பொத்தான்கூடத் தெரியவில்லை.

"அப்பா, லைட்டு..." மகள் குமிழைக் காட்டினாள்.

"கரண்டு மிச்சம்மா."

பையன் சிரித்தான். "பரவாயில்லைங்க. நைட் டியூட்டியில இதைவிடக் கம்மி வெளிச்சத்துல எத்தனையோ முகம் பாத்திருக்கேன்."

சமையலறைக் கதவு திறந்தது. அம்மா தட்டோடு வந்தார். தண்ணீர்தானே? மகள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பூப்போட்ட பீங்கான் கோப்பைகள்! கேக்கும் இருந்தது.

"ஏங்க, மாப்பிள்ளை முகம் எனக்குத் தெரிய வேணாமா?"

தட்டை வைத்தார். குமிழை வலக்கோடிவரை திருகினார். அதோடு விட்டாரா? பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அடியே, பூமி..."

"பூமியை நான் பாத்துக்கறேன். நீங்க டீயை எடுத்துக் குடுங்க."

கூடம் ஜவுளிக்கடையாயிற்று. அந்த வெளிச்சத்தில் எல்லார் கண்ணிலும் பட்டது நம்மவர் முகம்தான். விரல்கள் சிறிது நேரம் வெறும் காற்றைத் திருகின. பிறகு, வேறு வேலை இல்லாததால், பீங்கான் கோப்பை ஒன்றை எடுத்துப் பையனிடம் நீட்டின.

மகள் மூச்சு விட்டாள்.

'நல்லவேளை, எங்கள் வீட்டில் சரவிளக்கே இல்லை' என்கிறீர்களா? உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறதே, அது எந்த ரகம்? காலையில் மேலதிகாரிக்கு எரிந்த அதே அளவில்தான் படிக்கட்டு பெருக்குகிற அம்மாவுக்கும் எரிந்ததா? அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள்.

அதற்குமுன், குமிழிலிருந்து அந்த விரலைக் கொஞ்சம் எடுங்கள்.