அக்கா குரல் அகப்பட்ட விவரம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் ஆசியுடன் எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா சுகம், வீடு சுகம். என் இடுப்பைப் பற்றிக் கேட்காதே.

நிற்க. நிற்கத்தான் முடியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து, இனிக் குரல் திரும்பாது என்று மருத்துவர் சொன்ன நாள் முதல் உன் அக்கா சிலேட்டில்தான் பேசுகிறாள் என்பது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் அவள் கூப்பிட்டால் காது கேட்காதவன் போல இருந்துவிடுவேன். இப்போது கண் தெரியாதவன் போல இருக்கப் பார்த்தால், அவளே என் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறாள். ஆனாலும் வீடு வீடாக இல்லையப்பா. சமையலறையிலிருந்து ஒரு திட்டாவது வராதா என்று காத்துக் கிடக்கிறேன். அந்த நேரம் பார்த்து நீ தொலைபேசியில், "அத்தான், கல்யாணத்துக்கு முன்னாடி அக்கா ரேடியோ நாடகத்துல பேசினாளே, அந்தப் பதிவு எங்கயாவது இருக்கும், தேடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சொல்கிறவனுக்கு என்ன, வாய் வலிக்காது.

வானொலி நிலையத்துக்குப் போனேன். பதிவறை அம்மாள் நல்ல மனுஷி. நாடகத்தின் பெயர் எழுதிய டப்பாவை எடுத்து, தூசி தட்டி, தும்மி, நாடாவை ஓட்டினார். ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் நிதானமாகப் பேசினார். பாதியில் எழுந்தால் மரியாதை இல்லையே என்று முழுக்கக் கேட்டேன். "அப்பல்லாம் நாடா தட்டுப்பாடு சார். பழசை அழிச்சிட்டு அது மேலயே பதிஞ்சிடுவாங்க" என்றார் அந்த அம்மாள். "அப்ப எங்க வீட்டுக்காரி?" என்றேன். "ஆட்டுக்கு அடியில போயிட்டாங்க சார்."

என் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கி, அவரே ஒரு விலாசம் தந்தார். அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்து, வந்ததையெல்லாம் பதிந்து வைத்த ஒரு மனிதர். தெருவில் அவருக்கு நாடாக்காரர் என்றே பெயர். ஒன்றிரண்டைக் கேட்டுவிட்டு வரலாம் என்று போனால், அவர் மனைவி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "எடுத்தா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. நானும் ஒருநாள் கட்டில்ல கால் நீட்டிப் படுக்கணும்." அவள் கட்டிலில் கிடந்த நாடா மூட்டைகளெல்லாம் இப்போது என் கட்டிலில் கிடக்கின்றன. நான் தரையில். இடுப்பு விவரம் இதுதான்.

மூட்டையைப் பிரித்தால், ஒட்டியிருந்த சீட்டுகளெல்லாம் பசை காய்ந்து உதிர்ந்து அடியில் குவிந்து கிடந்தன. எது எதன் பெயரோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால், மூட்டைகளோடு தந்துவிட்ட நாடாக் கருவியின் பெல்ட் அறுந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் தன் இயந்திரத்துப் பெல்ட்டை வெட்டி மாட்டினார். பெண்களெல்லாம் எருமைக் குரலில் பேசினார்கள். கொஞ்சம் இறுக்கினார்; ஆண்களெல்லாம் கிளியாய்க் கத்தினார்கள். ஒருவழியாகச் சரியானதும், என்றோ விற்ற வெங்காயத்தின் விலையைக் கேட்டேன். என்றோ அடித்து ஓய்ந்த புயலுக்காகக் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள், நானும் போகவில்லை. எந்த நாடகம் ஓடினாலும் உருக்கமான இடத்தில் நாடாக்காரரின் அம்மா குறுக்கே வந்து, "அந்தக் கருமத்தை அணைச்சிட்டுச் சாப்பிட வாடா" என்று கத்தினார். உன் அக்கா வந்து நின்று "என்ன இது?" என்று எழுதினாள். "பொழுதுபோக்கு" என்றேன். அதை அழித்துவிட்டு "தலையெழுத்து" என்று எழுதிக் காட்டிவிட்டுப் போனாள்.

கடைசியில், நான் வெறுத்துப்போய் அரைத் தூக்கத்தில் இருந்த ஒரு மத்தியானம், அறிவிப்பாளர் உன் அக்காவின் பெயரைச் சொன்னார், உன் அப்பாவின் முதலெழுத்தோடு! பின்னாலேயே ஒரு பெண், "அப்பா, கதவைத் திறங்கப்பா, நனைஞ்சிட்டேன்" என்றாள். அழுதுவிட்டேனடா. இத்தனை வருஷம் கேட்ட குரல், எனக்கா தெரியாது? இவ்வளவு மென்மையாக என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் நாடகம் முழுக்க ஒரே மழைச் சத்தம். வசனம் பாதி அதில் முங்கிப்போயிற்று. ஒலிப்பதிவுக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கணினியில் என்னென்னவோ செய்து, "மழையைச் சுத்தமா எடுத்துட்டேன் சார், ஒரு சொட்டு இல்ல" என்றார். உண்மைதான், பளிங்கு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அக்காவை உட்கார வைத்துப் போட்டேன். கண் இமைக்காமல் கேட்டாள். பிறகு சிலேட்டை எடுத்து, "மழை எங்கே?" என்று எழுதினாள். "எடுத்தாச்சு, இனி நீ நனைய மாட்டே" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை, பாவம். அன்று முதல் சாப்பாட்டு வேளை தவறாமல் போடுகிறேன். ரொம்பக் களைத்துவிட்டேன் மச்சான், ஆனால் ஒரு உருப்படியான காரியம் செய்தேன் என்று இருக்கிறது.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு எல்லா நலமும் பெருகட்டும். இனி எதையாவது தேடச் சொல்வதாக இருந்தால் வேறு யாரையாவது கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். அத்தான் குளிக்கப் போயிருக்கிறார். உறையை நான் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரல் என்னுடையது இல்லை. ஒலிப்பதிவு அன்று எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. கூட வந்த தோழிதான் என் வசனத்தைப் பேசினாள். அறிவிப்பாளர் முன்னமே எழுதி வைத்திருந்த பெயரை வாசித்துவிட்டார். அழுதுகொண்டு நின்ற என் கையில் ஒரு தகரத் தட்டையும் ஒரு பிடி அரிசியையும் கொடுத்து, மைக் பக்கத்தில் உருட்டச் சொன்னார்கள். அந்த மழை நான்தான். நீங்களெல்லாம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து "அக்கா, அக்கா" என்று குதித்தபோது சொல்ல மனசு வரவில்லை. இப்போது இவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு கண் கலங்குகிறார். இவரிடமும் சொல்ல மனசு வரவில்லை. நீயும் சொல்லிவிடாதே. நேற்று அந்தக் கடைக்குப் போய், எழுதிக் காட்டி, மழையோடு இருந்த பதிவை வாங்கி வந்துவிட்டேன். அவர் வெளியே போகும்போது போட்டுக் கேட்கிறேன். நன்றாகத்தான் பெய்திருக்கிறேன்.