பதினாலாம் இலக்க எட்டு

ஜேர்மனியில், பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு நகரத்தின் பனித்தளத்தில் குணசேகரம் பதினெட்டு வருடமாக ஐஸ் மெஷின் ஓட்டினார். பிள்ளைகள் சறுக்கிக் கீறிய பனியைச் சீவி, சுடுதண்ணீர் விட்டு, மறுபடி வழுவழுப்பாக்குவது அவருடைய உத்தியோகம். நாளைக்கு ஆறு முறை. இதில் யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. குறையே இல்லாத இடத்தை அதிகாரம் நெடுநாள் சும்மா விட்டுவைக்காது.

போன இலையுதிர்காலத்தில், பனித்தளப் பிரிவின் பொறுப்பாளர் ஹெர் புரூக்னர் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். முப்பது வருடத்துக்கு மேலாகக் கைவிடப்பட்டிருந்த கட்டாய உருவங்கள் "உரிய மாண்புடன் மீள அறிமுகம்" செய்யப்படுகின்றனவாம். விஷயம் இதுதான். பிள்ளை ஒற்றைக் காலில் சறுக்கிப் பனியில் ஓர் எட்டுக் கீற வேண்டும். அதே கோட்டின்மேல் இன்னும் இரண்டு தரம் கீற வேண்டும். பாட்டில்லை, பாய்ச்சலில்லை, சிரிக்கவும் தேவையில்லை. பிறகு நடுவர்கள் முழந்தாளிட்டுக் கோட்டைப் பார்த்து, ஆறுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள். ஜேர்மன் மொழியில் இந்த எட்டுக்குப் பெயரே "கடமை". பெயரைக் கேட்டதும் அரைவாசி நகரம் சொக்கிப் போனது.

ஒரு மாதத்துக்குள், எட்டுப் போடாத பிள்ளை பிள்ளையே இல்லை என்றாகிவிட்டது. ஜேர்மன் தாய்மார் மூச்சுப் பயிற்சி வகுப்பில் எட்டு எட்டாக நடந்தார்கள். எங்கள் தமிழர்கள் வயலின், பரதம், நீச்சல் என்று ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்த சனிக்கிழமைக்குள் எட்டையும் திணித்தார்கள்.

குணசேகரத்தின் மகள் சுபானிக்கு வயது பதினாலு. அவளுக்குப் பிடித்தது சறுக்கிக்கொண்டே துள்ளிச் சுழலும் பாய்ச்சல். மாசிக் கடைசியில் மாநிலச் சறுக்கல் அணிக்குத் தெரிவு. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆனால் கடமை முடித்த சான்றிதழ் இல்லாமல் தெரிவுக்குப் போக முடியாது. ஆகவே தை மாதச் சோதனையில், முப்பத்திரண்டு பிள்ளைகளோடு அவளும் முகத்தை நீட்டிக்கொண்டு ஓர் எட்டுக் கீறினாள்.

சோதனை முடிந்தது. குணசேகரம் வழக்கம்போல மெஷினைக் கிளப்பினார். ஹெர் புரூக்னர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"நிறுத்துங்கள்! ஆவணத்தை அழிக்கப் போகிறீர்களா?"

"பனியைத்தான் சீவப் போகிறேன்."

"புள்ளி என்பது ஒரு நிர்வாக முடிவு. நிர்வாக முடிவை ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். முடிவுக்கு ஆதாரம் கோடு. கோடு எதில் இருக்கிறது?"

"பனியில்."

"ஆகவே இது இனிப் பனித்தளம் அல்ல. கோப்பு."

"படம் எடுத்து வைக்கலாமே?"

"படம் நகல். நகல் சரியா என்று அசலோடு ஒப்பிட வேண்டும். அதற்கு அசல் வேண்டும்."

குணசேகரம் யோசித்துப் பார்த்தார். எங்கேயும் பிழை பிடிக்க முடியவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஒவ்வோர் எட்டையும் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டப்பட்டது, இலக்கம் இடப்பட்டது. பொதுமக்கள் துணிச்செருப்பு அணிந்து, ஓரமாக நின்று, "மூச்சு விடுவதில் நிதானம் கடைப்பிடித்து" பார்வையிடலாம் என்று பலகை வந்தது. சறுக்குவதற்கு மிஞ்சியது இரண்டு பாய் விரிக்கிற அளவு மூலை. சுபானி அங்கே பாய்ந்து பழகினாள். சுவரில் மோதி முழங்கை வீங்கி வீட்டுக்கு வந்தாள்.

"விசரன்கள்!" என்று குணசேகரம் குசினிக்குள் நின்று கத்தினார். "கோட்டுக்குக் காவல் இருக்கிறான்கள்! எங்கடை ஆக்கள் இப்பிடி ஒரு மடைவேலை செய்வினமோ?"

"தெரிவுக்கு நான் என்னண்டு பழகிறது அப்பா?"

"முப்பதாம் நாள் பகல் பன்னிரண்டோடை ஆட்சேபணைக் காலம் முடியுது. பன்னிரண்டு ஐஞ்சுக்கு உனக்குக் கண்ணாடி மாதிரி ஐஸ். இது அப்பாவின்ரை சத்தியம். பிறகும் ஒரு கிழமை இருக்குத்தானே, காணாதோ?"

"காணும் அப்பா."

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புள்ளிகள் அவரவர் வீட்டுக்கு மூடிய கடிதத்தில் போயின. அடுத்தவன் பிள்ளையின் புள்ளி யாருக்கும் தெரியாததால் எல்லாரும் தங்கள் பிள்ளையை மெச்சிக்கொண்டார்கள். இருபத்தொன்பது நாள் ஓர் ஆட்சேபணையும் வரவில்லை. ஹெர் புரூக்னர் இளைத்துப் போனார்.

முப்பதாம் நாள், பதினொன்றே முக்காலுக்குக் குணசேகரம் மெஷினில் ஏறிச் சாவியைப் போட்டார். கரையில் சுபானி சறுக்குச் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மகேந்திரராஜா வந்து சேர்ந்தார். அவருடைய மகன் சேயோனும் எட்டுப் போட்டவன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ, சும்மா கேக்கிறன். சுபானிக்கு எவ்வளவு?"

"மூண்டு தசம் நாலு. சான்றிதழுக்கு மூண்டே காணும்."

"ஓமோம், காணும், காணும். எங்கடை சேயோனுக்கு மூண்டு தசம் ஐஞ்சு."

குணசேகரம் சாவியைத் திருப்பவில்லை. இறங்கினார். துணிச்செருப்பைப் போட்டுக்கொண்டு, கையில் டோர்ச் லைற்றோடு பனிக்குள் நடந்தார். பதினாலாம் இலக்கம் சுபானியின் எட்டு, பதினைந்து சேயோனுடையது. இரண்டுக்கும் நடுவில் முழங்காலில் இருந்தார். பதினெட்டு வருடமாக எத்தனையோ கோட்டைச் சீவித் தள்ளியவர், வாழ்க்கையில் முதல்தரம் ஒரு கோட்டை உற்றுப் பார்த்தார். பதினாலில் மூன்று கோடும் ஒன்றாய்க் கிடந்தன. பதினைந்தில், அவர் கண்ணுக்கு, அவிழ்த்துவிட்ட மாடுகள் மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயின.

பதினொன்று ஐம்பத்தைந்து. ஹெர் புரூக்னர் கையில் மணிக்கூட்டோடு சோர்ந்துபோய் நின்றார்.

"ஒரு படிவம் தாருங்கள்," என்றார் குணசேகரம்.

ஹெர் புரூக்னருக்குக் கண் கலங்கிவிட்டது. படிவம் அவருடைய சட்டையின் உள்பையில் ஆயத்தமாக இருந்தது.

"அப்ப எனக்கும் ஒண்டு தரச் சொல்லுங்கோ அண்ணை," என்றார் மகேந்திரராஜா. "ஒரு பாதுகாப்புக்கு."

இருவரும் ஐஸ் மெஷினின் மேல் படிவத்தை வைத்து, ஆளுக்கு ஆள் பேனா மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"இனி எவ்வளவு காலம்?" என்று குணசேகரம் கேட்டார்.

"இரண்டு ஆட்சேபணை என்றால் ஆணைக்குழு. குறைந்தது மூன்று மாதம்."

"சித்திரையில் குளிரூட்டியை நிறுத்தினால் உருகிவிடுமே?"

"உருகுவதற்கு இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை," என்றார் ஹெர் புரூக்னர்.

குணசேகரம் தலையாட்டினார். இந்தமுறை அந்தப் பதில் அவருக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

மணி பன்னிரண்டு அடித்தது. சுபானி இறுக்கிக் கட்டிய சப்பாத்தோடு எழும்பி நின்றாள்.

"அப்பா, பன்னிரண்டாச்சு. ஐஸ்?"

குணசேகரம் மெஷினின் சாவியைக் கழற்றிப் பையில் போட்டார்.

"முதல் அந்தத் தசம் ஒண்டு வரட்டும் பிள்ளை," என்றார். "சறுக்கிறது பிறகும் சறுக்கலாம்."