மாடுகளுக்குப் பதவி உயர்வு

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. அரசாங்க முத்திரை குத்தி, ஒப்பமும் வைத்த முட்டாள்.

எண்பத்து மூன்றின் தொடக்கம். சண்டிலிப்பாய்ப் பக்கம் வரி வசூலிக்கும் ஓர் உப அலுவலகத்தில் எனக்குப் புதிதாக லிகிதர் வேலை, எழுத்து வேலைதான். வேலை வந்த கையோடு கலியாணப் பேச்சும் வந்தது. பெண், சின்னத்துரையரின் மகள் மலர். சாதகம் பொருந்திவிட்டது. சின்னத்துரையர் ஓமென்று சொல்வதுதான் பாக்கி. அவரோ மாட்டு வண்டில்களை ஓட்டப்பந்தயம் விடுகிற வண்டில் சவாரிச் சங்கத்தின் தலைவர். மனிதரை விட மாடுகளை நம்புகிறவர்.

அந்த முறை சவாரித் திடலைச் சுற்றி ஓலை அடைத்து, ரிக்கற் விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரிக்கற் விற்றால் களியாட்ட வரி கட்டவேண்டும். சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். சர்க்கஸ் இருந்தது, குதிரைப் பந்தயம் இருந்தது. மாடு இல்லை.

"மாடில்லாட்டி விடும் ஐசே," என்றார் பிரதம லிகிதர்.

விட்டேனா? மாமனாராகப் போகிறவர் என் மூளையைக் கண்டு மலைத்துப்போக வேண்டாமா? 'வரி விடயத்தில் சவாரி மாடுகள் யாவும் குதிரைகளாகவே கருதப்படும்' என்று தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, நானே கொண்டுபோனேன். (சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, தலைக்கும் விட்டு.)

அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப என்ரை நாம்பன் மாடு ரெண்டும் குதிரை?"

"ஓம் மாமா." (மாமா என்றது கொஞ்சம் அவசரம்தான்.)

"சரி தம்பி. அரசாங்கம் சொன்னால் சரிதானே."

வென்றுவிட்டேன் என்று சீட்டியடித்தபடி வீடு வந்தேன்.

திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்கே வந்தார், கையில் விண்ணப்பத்தோடு. எங்கள் குதிரைகள் ஓடுவதற்கு அரசாங்கச் செலவில் திடலை மட்டப்படுத்தித் தரவும். குதிரைகளுக்கு நிழற்கொட்டகை போட்டுத் தரவும். குதிரை வைத்தியர் ஒருவரை அனுப்பவும். கீழே என் கடிதத்தின் இலக்கம்.

"வேறை இடங்களிலை குதிரை ஓட அரசாங்கம் உதவி செய்யுமாம்," என்றார். "எங்கடை குதிரையள் என்ன பாவம் செய்ததுகள்?"

அவர் போனபின் பிரதம லிகிதர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"கொட்டகைக் காசை உம்மடை சம்பளத்திலை வெட்டட்டோ? போய் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கும்."

ஞாயிற்றுக்கிழமை சவாரி. திடலுக்கே போனேன். ஊர் முழுக்க அங்கே நின்றது. சின்னத்துரையர் நாம்பன்களைப் பூட்டி, வண்டிலில் ஏறி ஆயத்தமாக இருந்தார்.

"மாமா, அந்தக் கடிதம்..."

"அதைப் பிறகு பாப்பம். முதல் ஏறும் தம்பி. குதிரையைப் பற்றி எழுதினவர் ஒருக்கா ஓடிப் பாக்க வேண்டாமோ?"

பெண்கள் பக்கத்தில் மலர் நின்றாள். அவளுக்கு முன்னால் மாட்டேன் என்பதா? ஏறினேன். ஒரு கால்தான் ஏறியது. மற்றக் கால் ஏறுவதற்குள் கொடி விழுந்துவிட்டது. வண்டில் பறந்தது. அதன் ஆணியொன்றில் மாட்டி, என் காற்சட்டையின் பின்பக்கமும் கூடவே பறந்தது. நான் மட்டும் புழுதியில் இருந்தேன்.

"குதிரை வெளிக்கிட்டிட்டுது, உத்தியோகத்தர் விழுந்திட்டார்," என்றது ஒலிபெருக்கி. (கேளாதவர்களுக்காக இன்னொரு தரமும்.)

என் பாரம் இல்லாததாலோ என்னவோ, நாம்பன்கள் முதலாவதாக வந்தன. சின்னத்துரையர் திரும்பி வந்து, தன் சால்வையை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டார்.

"கடிதம், மாமா?"

"அது வீட்டிலை கிடக்கட்டும். நீர் வந்து போகப்போற வீடுதானே."

அதுதான் அவருடைய ஓம். வரியை நாங்கள் கேட்கவில்லை. கொட்டகையை அவர்கள் கேட்கவில்லை.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தெருவில் மாடு போனால் இன்றைக்கும் மூத்தவன், "அப்பா, குதிரை போகுது," என்பான். போன கிழமையும் சொன்னான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மலரிடம் கேட்டேன்:

"புழுதியிலை கிடந்தவனுக்கு உம்மடை அப்பா ஓமெண்டவரே, என்னத்தைக் கண்டு? என்ரை நேர்மையையோ, கடமை உணர்ச்சியையோ?"

அவள் பயற்றங்காய் முறிப்பதை நிறுத்தவில்லை.

"வேறை ஒருத்தரும் என்னைக் கேட்டு வரேல்லையப்பா."